ராசியில்லாத கை

ஆடி 2, வெள்ளி

மாட்டாஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கிற டாக்டர் பெண் எழுதி வைக்கச் சொன்னாள், எழுதுகிறேன். நாய் என்ன தின்றது, எத்தனை தரம் கக்கியது, தண்ணீர் எவ்வளவு குடித்தது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி அடுத்த தடவை கொண்டுவர வேண்டுமாம். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டுபோய் எருமைக்குப் பின்னால் விட்டார் எங்கள் அப்பன். இந்த வயதில் ஒரு நாய்க்காக மறுபடி பேனா பிடிக்கிறேன். சொந்த நாயாக இருந்தாலும் பரவாயில்லை. ருக்குமணியின் நாய்.

காலையில் அரை இட்லியை மோரில் கரைத்து வைத்தேன். தின்றது, கக்கியது. சட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது. அதையும் கக்கியது. வாயில் துருப்பிடித்த தகரம் மாதிரி ஒரு நாற்றம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பெரிய டாக்டர் லீவு முடிந்து வந்ததும் பார்த்துச் சொல்வாராம்.

ருக்குமணி என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. பாகம் பிரித்தபோது ஒரே வீட்டின் நடுவில் சுவர் வைத்துக்கொண்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முட்டி ஆபரேஷன் என்று ஆனி மாதம் ஓசூரில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போனாள். காரில் ஏறுமுன் என் மருமகளைக் கூப்பிட்டாள். “தேனு, பவுனைச் சித்தப் பாத்துக்க கண்ணு. வாயில்லாச் சீவன்.” நான் அங்கேயேதான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாயுள்ள சீவன் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அதனிடம் ஒரு வார்த்தை? கிடையாது.

தேன்மொழி தலையை ஆட்டிவிட்டு பார்லருக்குள் போய்விட்டாள். முன்னறையில் ப்யூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஒருத்திக்குப் புருவம், ஒருத்திக்கு முகம், ஒருத்திக்குக் கால் என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டிருக்கும். அவளுக்கு எங்கே நேரம்? நாய் பார்ப்பது யார் என்று கேட்கவே வேண்டாம்.

ஆடி 3, சனி

ஒன்றும் தின்னவில்லை. நானும் சாப்பிடவில்லை. அது வேறு காரணம், குழம்பில் புளி கூடிவிட்டது.

ஆடி 5, திங்கள்

இன்றைக்கு எழுதாமல் படுத்தால் வயிறு வெந்துவிடும்.

ஆவணி முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பெண்ணின் சித்தி ஒருத்தி வந்து தேன்மொழியிடம் நாள் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது, “உன்ற கைராசிக்குத்தான் அம்மணி இத்தன தூரம் வந்தது. நீ பொட்டு வெச்ச பொண்ணெல்லாம் நல்லாருக்குது” என்றாள். தேன்மொழிக்கு முகம் பூத்துப்போனது. பூக்கட்டும். நான் அடுக்களையில் பாத்திரத்தை ஓங்கி வைத்தேன்.

கைராசி! நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வாரம் மயிலைப் பசு கன்று போட்டிருந்தது. எங்கள் மாமியார் கன்றை என் பொறுப்பில் விட்டார். புதுப்பெண், எனக்கென்ன தெரியும்? விரலைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்தேன், சாக்கு போர்த்தினேன், பக்கத்திலேயே படுத்தேன். கன்று என் மடியிலேயே கழுத்தைத் தொங்கப் போட்டது. மாமியார் ஓடிவந்தபோது ருக்குமணி வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னாள். பச்சைக் கண்டாங்கி கட்டியிருந்தாள், தலையில் கனகாம்பரம். “சின்னவ கை ராசியில்லாத கை அத்தை. கை பட்டா எதும் தங்காதாட்ட இருக்குது.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து விதை போடும்போது என் கையில் முதல் பிடி கொடுத்ததில்லை. பொங்கலுக்கு அடுப்புப் பற்ற வைத்ததில்லை. அவள் பிள்ளை பிறந்தபோது நான் தூக்கினால் காய்ச்சல் வருமென்று தொட்டிலை நகர்த்தினார்கள். என் வயிற்றில் பிறந்த குணசேகரனுக்கு முதல் சோறு ஊட்டியதும் அவள்தான். நான் கதவோரம் நின்று பார்த்தேன். தேன்மொழி இந்தப் பார்லர் திறந்தபோது முதல் போணி யார்? அவள். மகாராணி மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைக் காட்டினாள். நான் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன்.

மறந்துவிட்டேன் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு ஒன்றும் மறக்காது.

இந்தக் கைராசிப் பேச்சையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. சுத்தப் பொய். காலையில் நாயின் தட்டைத் தேன்மொழியிடம் நீட்டி, “முதல் வாய் நீ எடுத்து வை அம்மணி” என்கிறேனே, அது நாய் அவளிடம் பழகட்டும் என்பதற்காக. மாத்திரையையும் அவளைத்தான் தொட்டுக் கொடுக்கச் சொல்கிறேன். அவளுக்கு நகம் சுத்தமாக இருக்கும்.

காலை: சோறு கொஞ்சம், முட்டை வெள்ளை. பாதி கக்கியது.

ஆடி 8, வியாழன்

பவுனு இப்போது பார்லர் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறது. அங்கே டைல்ஸ் குளிர்ச்சி. ஃபேஷியலுக்கு வந்த ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். “ஏனுங்கக்கா, நாயி செத்துக் கெடக்குதாட்ட நாத்தம் வருதே” என்று கேட்டாள். நான் உள்ளேயிருந்து, “சாகல. உன்ற சென்ட்டு நாத்தம் தாங்காம மயங்கிக் கெடக்குது” என்றேன். தேன்மொழிக்குக் கோபம். “வர்ற ஆளையெல்லாம் நீங்களே தொரத்தியுட்டுட்டா நான் யாருக்குப் புருவம் எடுக்கறதுங்கத்தை?”

“எனக்கு எடு.”

வாய் தவறி வந்துவிட்டது. அவள் விடவில்லை. உட்கார வைத்து, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, தாடையில் இருந்த முடியெல்லாம் சுருக்சுருக்கென்று பிடுங்கிவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ருக்குமணி என் தாடையைப் பார்க்கும்போதெல்லாம், “வேலாத்தாளுக்கு இன்னி ஒரு மீசைதான் பாக்கி” என்று சிரிப்பாள். அதற்காக இல்லை. தேன்மொழிக்குக் கை சும்மா இருந்தது, அதுதான்.

பவுனு கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. என்னவோ அதன் முடியைத்தான் பிடுங்குகிறார்கள் என்கிற மாதிரி ஒரு முனகல்.

ஆடி 12, திங்கள்

பெரிய டாக்டர் வந்துவிட்டார். ஆட்டோவில் கொண்டுபோனோம். ரத்தச் சீட்டைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், திரும்பச் சீட்டைப் பார்த்தார்.

“இது அந்த ருக்குமணியம்மாவோட பவுனு இல்லீங்களா? நல்லாச் செவப்பா இருப்பாங்களே?”

ஆமாம் என்றேன். செவப்பு என்பதை எங்கே போனாலும் கேட்டாக வேண்டும்.

“வைகாசியிலயே கூட்டிட்டு வந்தாங்களே. ரெண்டு கிட்னியும் போயிருச்சு, எச்சா நாள் தாங்காதுன்னு அப்பவே சொல்லியுட்டேனுங்க. உங்ககிட்டச் சொல்லலைங்களா?”

தேன்மொழி என் முகத்தைப் பார்த்தாள். நான் நாயின் முகத்தைப் பார்த்தேன்.

தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது! சாகப் போகிற சீவனை என் வாசலில் கட்டிவிட்டு, முட்டி வலி என்று ஓசூருக்கு ஓடியிருக்கிறாள். என் கையில் செத்தால் திரும்பி வந்து வாசற்படியில் நின்று பழைய பாட்டைப் பாடலாம். கை பட்டா தங்காதாட்ட இருக்குது. கனகாம்பரம் ஒன்றுதான் குறைச்சல்.

வீட்டுக்கு வந்ததும் தேன்மொழியை விட்டுப் போன் போடச் சொல்லி ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். குரல் கணீரென்று இருந்தது.

“பவுனு எப்படி இருக்குது தேனு?”

“ரொம்ப முடியலீங்க பெரியத்தை. நீங்க சீக்கிரம் வந்தீங்கன்னா...”

“ஆடி மாசத்துல எப்படிக் கண்ணு வூட்டுக்குள்ள கால் வெக்கறது, ஆபரேஷன் பண்ணின கால வெச்சுட்டு? ஆவணி பொறக்கட்டும். மொத நாளே வந்தர்றேன்.”

என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி. ஆவணி பிறக்கட்டும். அதுவரைக்கும் இந்த நாயைச் சாக விடமாட்டேன். அவள் காரை விட்டு இறங்க வேண்டும், இது வாலாட்ட வேண்டும், அதற்குப் பிறகு அவள் மடியில் படுத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். என் கையில் நடக்காது.

ஆடி 13, செவ்வாய்

ட்ரிப் ஏற்றினார்கள். சாயங்காலம் வாசல் வரைக்கும் தானே நடந்து போய் மூத்திரம் பெய்தது. பார்த்தாயா ருக்குமணி.

ஆடி 16, வெள்ளி

தினமும் ஆட்டோவில் போய் ட்ரிப். ஆட்டோக்காரன் சாக்கு விரிக்கச் சொல்கிறான். இவனுடைய வண்டி சீட்டில் கிழிசல் தவிர ஒன்றுமில்லை, இவனுக்குச் சாக்கு ஒரு கேடு.

பவுனின் நகம் வளைந்து சதையில் குத்திக்கொண்டிருந்தது. தேன்மொழி பார்லர் நகவெட்டியை எடுத்து வந்து, கல்யாணப் பெண்ணுக்கு வெட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக வெட்டினாள். வெடித்த மூக்குக்குத் தேங்காயெண்ணெய். கண்பீளையைப் பஞ்சில் வெந்நீர் தொட்டுத் துடைத்தாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். “நாயி பாதமே பரவால்லீங்கத்தை. உங்க வெடிப்புல அஞ்சு ரூவாக் காசு உழுந்தா எடுக்க முடியாது.” பேசினில் சுடுதண்ணீர், கல்லுப்பு, ஷாம்பு. ஊறவைத்து ஒரு கல்லால் தேய்த்தாள். சிமெண்டுத் தூள் மாதிரி உதிர்ந்தது. நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். ஆனால் காலை எடுக்கவில்லை. தண்ணீர் இதமாக இருந்தது, வீணாக்குவானேன்.

ருக்குமணி கால் இன்னும் பன்னீர்ப்பூ மாதிரிதான் இருக்கும். வெள்ளாமைக்காட்டில் இறங்கியிருந்தால் அல்லவா வெடிக்க.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு நோம்பி. தேன்மொழி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குணசேகரன் கொண்டுபோய் விட்டுவிட்டு அங்கேயே சாப்பிட்டுவிட்டான். நான் ஒருத்திக்காகப் பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டேன்.

தட்டைத் தொட்டுக் கொடுக்க ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடலாமா என்று வாசல் வரைக்கும் போனேன். எல்லா வீட்டிலும் கோலமும் பேச்சுமாக இருந்தது. ஒரு நாய்ச்சோற்றைத் தொட்டுத் தா என்று யாரைக் கேட்பது? திரும்பி வந்து தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அரை நாள் அப்படியே கிடந்தது. கடைசியில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, “தின்னு தொலை” என்று ஒரு கவளத்தை உருட்டி வாய்க்கு நேரே நீட்டினேன்.

தின்றது. இன்னொன்று. இன்னொன்று. கையையே நக்கிவிட்டது.

கக்கவில்லை. அடுக்களையிலிருந்து ஒப்புட்டு வாசனை வந்ததல்லவா, அதனால் பசி எடுத்திருக்கும்.

ஆடி 19, திங்கள்

தேன்மொழி வந்து வழக்கம்போல முதல் வாய் எடுத்து வைத்தாள். தின்னவில்லை. “உங்க கையைத்தான் பாக்குதுங்கத்தை” என்றாள். கெட்ட பழக்கம் பழகிக்கொண்டது. அவளைப் போகச் சொல்லிவிட்டு நானே ஊட்டினேன். முழுதாகத் தின்றது.

ஆடி 22, வியாழன்

பெற்ற பிள்ளைக்கு வாய் வந்துவிட்டது. மோட்டார் கடையிலிருந்து வந்த குணசேகரன், தட்டில் சோறு போடும்போது பேச்சை எடுத்தான்.

“ஏம்மா, பார்லருக்கு ஆள் வர்றது கொறஞ்சு போச்சு. நாயக் கொண்டுட்டுப் போயி சந்தைப்பேட்டைக் கறிக்கடைப் பக்கம் உட்டுட்டு வந்தர்றேன். எலும்பு கிலும்பு கெடைக்கும்.”

“எந்திரிச்சு நிக்க முடியாத நாயி எலும்பு திங்குமாடா?”

“அப்பறம் என்னதான் பண்றது? பெரியம்மா நாய்க்கு நீ எதுக்கு உசுர உடற? அவங்களுக்கும் உனக்கும் ஆகாது.”

“ஆகாதுன்னுதான்டா உசுர உடறேன். உனக்குப் புரியாது. உன்னையவும் அந்தக் கறிக்கடைப் பக்கம் உட்டுட்டு வந்திருந்தா எனக்கு இந்தப் பேச்சு இல்ல.”

சாப்பிடாமல் எழுந்து போனான். போகட்டும். ராத்திரி வந்து தானே போட்டுத் தின்பான். தின்றான்.

தேன்மொழி என் தலைக்குக் கருப்புச் சாயம் பூசினாள். புதுக் கம்பெனிச் சாயமாம், ஒரு தலையில் பூசிப் பார்க்காமல் வருகிறவர்களுக்குப் பூச முடியாதாம். என் தலை கிடைத்தது. ஆவணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆடி 25, ஞாயிறு

கக்கல். ரத்தம் கலந்து. தின்னவில்லை. என் கையிலும் தின்னவில்லை.

ஆடி 26, திங்கள்

ட்ரிப் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. காலெல்லாம் சிரைத்து ஊசி குத்திய தடம். டாக்டர் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

“பாட்டிம்மா, இது வதைங்க. ஊசி போட்டு அமைதியா அனுப்பிச்சு வெச்சிரலாம். நீங்க சரின்னா நானே வூட்டுக்கு வந்து போடறேன்.”

“ஆவணி மொத நாள் வரைக்கும் நிறுத்திக் குடுங்க போதும்.”

“யாருக்காகங்க?”

டாக்டருக்கென்ன தெரியும், வாசற்படியில் நின்று பேசுகிற பேச்சு எத்தனை வருஷம் தங்கும் என்று? இன்னும் கொஞ்சம் பொறு பவுனு. என்னைத் தலைகுனிய வைத்துவிடாதே. உனக்கு எத்தனை வாய் ஊட்டியிருக்கிறேன்.

ஆடி 28, புதன்

வலிப்பு வந்தது. கட்டில் காலில் தலை மோதிக்கொண்டது. தேன்மொழி தலையணையைத் திணித்தாள். அடங்கினதும் பவுனு எழுந்திருக்கப் பார்த்தது. மூத்திரத்திலேயே கிடக்கக் கூச்சப்பட்டு முன்னங்காலை ஊன்றி ஊன்றி வழுக்கியது. மானமுள்ள நாய். அவள் வளர்த்ததில் இது ஒன்றுதான் உருப்படி.

போன் போட்டேன். இந்தத் தடவை நானே பேசினேன்.

“அக்கா, வலிப்பு வந்திருச்சு. டாக்டர் ஊசி போட்டரலாங்கறாரு. என்ன பண்றதுங்க? உங்க நாயி.”

“நான் வந்து பாத்துக்கறேன். அது வரைக்கும் வெச்சிரு” என்றாள். வைத்துவிட்டாள்.

வெச்சிரு! ஊறுகாயா வைத்திருக்க?

ரொம்ப நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இது யாருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது? அவள் வருவாள் என்றா? இல்லை. இதற்கு அவள் ஞாபகம்கூட இருக்காது. எனக்காக. நான் ட்ரிப் ஏற்றி, மாத்திரையை அரைத்து ஊற்றி, அவள் முகத்தில் கரி பூசுவதற்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். இத்தனை நாளும் நாய்க்கு வைத்தியம் பார்க்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு மேல் ஒரு கோபம் வந்தது. அது யார்மேல் என்று எழுத மாட்டேன்.

ஆடி 29, வியாழன்

டாக்டர் மத்தியானம் வந்தார். தேன்மொழி பார்லர் கதவைச் சாத்தி, வெளியே லீவு என்று எழுதித் தொங்கவிட்டாள். யாராவது ஒருத்தர் பொறுப்பெடுத்துச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். “நாந்தான் சொல்றேன். வேலாத்தாள்” என்றேன்.

தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. தேன்மொழி முந்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

“அத்தை, நீங்க அக்கட்டால போங்க. நான் புடிச்சுக்கறேன். ஞாயித்துக்கெழமை பெரியத்தை வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா உங்களால தாங்க முடியாதுங்க. என்ற கையில போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தட்டைத் தொட்டுத் தரச் சொன்னதெல்லாம் எதற்கென்று முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஒரு நாள்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

பவுனு அவள் மடியில் இருக்கவில்லை. தலையைத் தூக்க முடியாமல் தூக்கி என் பக்கம் திருப்பியது.

“தள்ளு அம்மணி” என்றேன்.

உட்கார்ந்தேன். தலையை எடுத்து மடியில் வைத்தேன். கனமே இல்லை. தாடைக்கு அடியில் ஒரு கை, நெற்றியில் ஒரு கை. டாக்டர் மயக்க ஊசி முதலில் போட்டார். என் கையை ஒரு தரம் நக்கியது. அப்புறம் நாக்கு அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது ஊசி போட்டது எனக்கே தெரியவில்லை. “முடிஞ்சுதுங்க” என்றார். அதற்குப் பிறகும் கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

குணசேகரன் கடையைச் சாத்திவிட்டு வந்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் குழி வெட்டினான். வேர்த்து ஊற்ற ஊற்ற ஆழமாக வெட்டினான். என் பழைய சேலையைச் சுற்றிக் கொடுத்தேன்.

ஆடி 30, வெள்ளி

மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள். போகவில்லை.

ஆவணி 1, ஞாயிறு

வந்தாள்.

பார்லர் நிறைந்திருந்த நேரம். பத்திர ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு அம்மாள் முகம் முழுக்க முல்தானி மிட்டி பூசிக் கட்டிலில் படுத்திருந்தாள். வாசலில் கார் நின்றது. ருக்குமணி ஊன்றுகோலோடு இறங்கி, அவள் வீட்டுப் பக்கம் போகாமல் நேராக இங்கே வந்தாள். படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. இளைத்திருந்தாள். தோல் தொங்கியது. சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது, நாசமாய்ப் போகிற சிவப்பு.

சுற்றும் முற்றும் பார்த்தாள். “பவுனு?”

நாலு நாளாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ‘ங்க’ போட்ட வாய், அது இல்லாமலே திறந்துகொண்டது.

“செத்துப் போச்சு. ஊசி போட்டுட்டோம். நாந்தான் போடச் சொன்னேன். என்ற மடியிலதான் இருந்துச்சு, இந்தக் கையிலதான் போச்சு. உம், சொல்லு. அங்கயே நின்னு சொல்லு, வாசப்படியில நின்னாத்தான் உனக்கு நல்லாச் சொல்ல வரும்.”

தேன்மொழி கையில் பஞ்சோடு நின்றுவிட்டாள். ருக்குமணி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

“மடியிலயா?”

“ஆமா.”

“அப்ப பயந்திருக்காது.”

இதற்கு நான் தயாராக இல்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

“வைகாசியிலயே உனக்குத் தெரியுமாமே? டாக்டர் சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான என்ற தலையில கட்டீட்டுப் போன?”

“தெரியும்.” தலையைத் தூக்கவில்லை. “அன்னிக்கே ஊசி போட்டரலாம்னாரு. என்னால முடியல வேலா. உங்கிட்ட இருந்துச்சுன்னா நீ கடைசி வரைக்கும் உடமாட்டீன்னு தெரியும். தேனுகிட்டச் சொன்னாலும் நீதான் பாப்பீன்னு தெரியும்.”

“அப்ப மயிலைக் கன்னு?”

கட்டிலில் படுத்திருந்த அம்மாள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

ருக்குமணி என்ன கன்று என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஊன்றுகோலைப் பிடுங்கியே அடித்திருப்பேன். மறந்தவள் இல்லை. அவளும் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“அது பொறந்ததுலருந்தே காம்பு புடிக்கல” என்றாள். “ரெண்டு நாளு நாந்தான் பாத்தேன். நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. அத்தை வாயப் பத்தி உனக்குத் தெரியாதா? மலட்டுக் கை, மூதேவிக் கைன்னு என்னையத்தான் பேசுவாங்க. எனக்கு அப்ப வயித்துல தங்காம ரெண்டு போயிருந்துச்சு. நீ புதுசா வந்திருந்த. சின்னவகிட்டக் குடுங்கத்தைன்னு நாந்தான் சொன்னேன்.”

“சத்தமாச் சொல்லு.”

“வேலா...”

“வாசப்படியில நின்னு ஊருக்குக் கேக்கற மாதிரிச் சொன்னயில்ல, அந்தச் சத்தம் வரோணும். என்ற மருமகளுக்குக் கேக்கோணும்.”

சொன்னாள். வெளியே காரில் இருந்த அவள் மகன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள். வேலாத்தா கையில ஒரு குத்தமுமில்ல, கன்னு எங்கிட்டயே சாகக் கெடந்ததுதான் என்று சொன்னாள். கட்டிலில் இருந்த அம்மாள், “அட மகராசி!” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “அக்கா பேசாதீங்க, மூஞ்சியில போட்ட பேக்கு வெடிச்சுப் போகும்” என்று தேன்மொழி அவளை அமுக்கிப் படுக்கவைத்தாள். தேன்மொழியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை காலம். கேட்டால் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தேன். குளிரவில்லை. எரிந்தது. நான் போடாத விதை, பற்ற வைக்காத அடுப்பு, என் பிள்ளைக்கு ஊட்டாத முதல் வாய், இதையெல்லாம் யார் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பது? பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டால் தீர்ந்ததா? மன்னித்தேன் என்று யாராவது எழுதுவார்கள் என்றால் அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இது என் நோட்டு.

ருக்குமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“தலைக்கு மை பூசியிருக்கறயா?”

“பூசினா உனக்கென்ன?”

“நெத்தியிலயும் பூசியிருக்குது.” பிறகு, “எங்க பொதைச்சீங்க?” என்றாள்.

பொடக்காணிக்குக் கூட்டிப் போனேன். பின்வாசலில் படி உயரம். ஊன்றுகோலைக் கீழ்ப்படியில் வைத்துப் பார்த்தாள், அது வழுக்கியது. மகனைக் கூப்பிடுவாள் என்று நான் நின்றேன். கூப்பிடவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

“கையக் குடு.”

“ராசியில்லாத கை.”

“தெரியும், குடு. கீழ உழுந்தன்னா உன்னாலதான் உழுந்தேன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்.”

சொல்லுவாள். சொல்லக்கூடியவள்தான். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.